பல் மருத்துவமா, பல மருத்துவமா: அன்றாட அறிவிப்புக்கு எந்த எழுத்துரு?

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து ஊரில் இலவசப் பல் மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. அதற்கான பிட் நோட்டீஸை வடிவமைத்துக் கொடுத்தது நான்தான். கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கூட்டுறவுச் சங்க அறிவிப்பு, குடிநீர் வரும் நேரம் என்று இந்த வட்டாரத்துச் செய்திகள் பலவும் என் கணினி வழியாகத்தான் போகின்றன. அந்த நோட்டீஸுக்கு மெல்லிய கோடும் ஊசிமுனை போன்ற புள்ளியும் கொண்ட ஓர் எழுத்துருவைப் போட்டேன். திரையில் அழகாகவே இருந்தது. முகாம் நடத்தியவர்கள் என்னிடம் வாங்கிய தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை வேறொரு கடையில் மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது நகலில் 'ல்' மேலிருந்த புள்ளியைக் காணோம்.

முகாமன்று காலையில் நானும் போயிருந்தேன். சர்க்கரைக்கு, கண்ணுக்கு, முதுகுக்கு என்று பழைய மருந்துச் சீட்டுகளோடு நிறையப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூட்டு வலிக்காக இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பாட்டி, "பல மருத்துவ முகாம்னுதானே தம்பி போட்டிருக்கு?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தது.

அன்றிலிருந்து கடை அடைத்த பிறகு கிடைத்த இரவுகளில், அறிவிப்புக்கென்றே ஓர் எழுத்துருவைத் தேடத் தொடங்கினேன். எனக்கு வேண்டியவை மூன்று. தன் அழகைக் காட்டிக்கொண்டு நிற்காத முகம் வேண்டும். ரேஷன் கடைப் பலகையிலும் இரங்கல் செய்தியிலும் அது ஒரேபோல அடக்கமாக உட்கார வேண்டும். இடத்தை விழுங்காத அகலம் வேண்டும். எத்தனை நகல் எடுத்தாலும் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிவிடாத தெளிவு வேண்டும். மூன்றாவதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஆங்கிலத்தில் இந்த வகையை சான்ஸ் செரிஃப் என்கிறார்கள். எழுத்தின் முனைகளில் சின்னப் பாதம்போல நீட்டிக்கொண்டிருப்பது செரிஃப்; அது இல்லாதது சான்ஸ் செரிஃப். 1957-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெடிகா இதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். தமிழ் எழுத்துக்கு அந்தப் பாதமே கிடையாது. அதனால் தமிழில் சான்ஸ் என்று சொல்லும்போது, கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே தடிமனில் போகிறது என்றுதான் பொருள். இது மேல்நாட்டிலிருந்து ஒட்டவைத்த உடை என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடும் ஒரே தடிமன்தான்.

நமக்குப் பெரிய சிக்கல் கச்சிதம்தான். 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று உருவங்களுக்கு இடம் தர வேண்டியிருக்கிறது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவங்கள் போய், அவையும் தனி இணைக்கொம்பு எடுத்துக்கொண்டன. கற்பதற்கும் அச்சுக்கும் அது பெரிய நன்மை. வரி மட்டும் சற்று நீண்டது. போதாக்குறைக்கு நம் சொற்களும் நீளம். 'விண்ணப்பிக்கவேண்டியவர்கள்' என்ற ஒரு சொல் அரைத் தாளின் அகலத்தைத் தின்றுவிடும்.

இதற்கு எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு: கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரியின் ஓரத்தைப் பிடித்து அமுக்குவது. நானும் பல ஆண்டுகள் அதைச் செய்தேன். அமுக்கினால் நெட்டுக்கோடுகள் மெலியும், படுக்கைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும்; எழுத்து பட்டினி கிடந்தது போலாகிவிடும். 'ண'வின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் கோடாகிவிடும். பிறகு அது 'ண'வா 'ன'வா என்று கண் தடுமாறும். கச்சிதம் என்பது எழுத்தை வரைந்தவர் கையிலிருந்து வர வேண்டும். அமெரிக்காவின் தொலைபேசி விவரப் புத்தகத்துக்காக 1978-ல் மேத்யூ கார்ட்டர் உருவாக்கிய பெல் சென்டென்னியல் இதற்கு நல்ல சான்று. பொடி எழுத்து, மட்டமான தாள், வேக அச்சு. மை பரவி மூலைகள் அடைபடும் என்பதை எதிர்பார்த்து, கோடுகள் சேரும் இடங்களில் முன்கூட்டியே சிறு வெட்டுகள் வைத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் கடித்து வைத்தது போலிருக்கும். அச்சில் விழுந்தால் தெளிவாக நிற்கும். தமிழில் பொடி எழுத்துக்கு அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட வேலை இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி இன்று கைக்குக் கிடைப்பவற்றுக்கு வருகிறேன். கணினியிலேயே கிடப்பவற்றை முதலில் சொல்லிவிடலாம். லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் தமிழை ஒரு தலைமுறைக்கே காட்டிய எழுத்துரு என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் அகலம் அதிகம்; அறிவிப்புக்குக் கட்டுப்படியாகாது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த நிர்மலா யூ.ஐ. அதைவிட எவ்வளவோ மேல். பல இந்திய எழுத்துகளை ஒரே முகத்தில் தருகிறது, திரையில் படிக்க இதமானது. ஐபோனில் இருக்கும் தமிழ் சங்கம் எம்.என்., மலேசியாவின் முத்து நெடுமாறன் வரைந்தது. அதன் மேல் எனக்கு மரியாதை அதிகம். இவற்றின் குறை எழுத்தில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது. விண்டோஸோடு வந்ததை எடுத்து வேறு கருவியில் போட்டுக்கொள்ளவோ, இணையதளத்தில் ஏற்றவோ உரிமை இல்லை. வாசலில் ஒட்டும் தாளும் வாட்ஸ்அப்பில் போகும் படமும் இணையப் பக்கமும் ஒரே முகத்தோடு இருக்க வேண்டும் என்றால் திறந்த உரிமம் உள்ளதைத்தான் நாட வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. காசில்லை, அச்சிடலாம், பகிரலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

அவற்றில் இரண்டை நான் தொடக்கத்திலேயே விலக்கினேன், மனசில்லாமல். ஒன்று, இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த பவனம். பெயருக்கேற்ப காற்றோட்டமான எழுத்து. அதற்கு ஒரே தடிமன்தான் உண்டு. அறிவிப்பில் தேதியையும் இடத்தையும் தடித்துக் காட்டியே ஆக வேண்டும். போல்ட் இல்லாத எழுத்துருவில் போல்ட் பொத்தானை அமுக்கினால் மென்பொருள் தானாகக் கோட்டை ஊதிப் பெருக்கும், சுழிகள் அடைபடும். இன்னொன்று, பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன். ஒன்பது தடிமன்கள், நல்ல கம்பீரம். அந்தக் கம்பீரமே என் வேலைக்கு ஆகவில்லை. தலைப்பில் போட்டால் நிமிர்ந்து நிற்கிறது. நீர் வரும் நேரத்தைச் சொல்ல அவ்வளவு நிமிர்வு வேண்டாம் என்று பட்டது.

மிஞ்சியவை நான்கு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ். இவற்றைச் சோதிக்க ஒரு வாக்கியம் கட்டினேன்:

'தேர் போகும் தெருவில் பல பேர் பல் வலியோடு கூடி நின்றார்கள். கோடு போட்ட தாளை ஔவையிடம் கொடு.'

இதில் எல்லாப் பொறிகளும் இருக்கின்றன. 'தே'வுக்கும் 'தெ'வுக்கும், 'கோ'வுக்கும் 'கொ'வுக்கும் நடுவே இருப்பது கொம்பின் ஒரு சுழி மட்டும். 'பல'வுக்கும் 'பல்'லுக்கும் நடுவே ஒரு புள்ளி. 'ஔ' என்பதை 'ஒள' என்று கண் பிரித்துவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட 'ர்' கொடுமையானது. சில எழுத்துருக்களில் 'ர்', 'ரி', 'ரீ' ஆகியவற்றில் ரகரத்தின் சாய்ந்த கால் இருக்காது. வெறும் துணைக்காலின் மேல் புள்ளி வைத்தது போலிருக்கும். புள்ளி போய்விட்டால் 'பேர்' என்பது 'போ' ஆகி நிற்கும். ஹெல்வெடிகாவில் பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் ஒன்றுபோலத் தெரிவதைப் பற்றி ஆங்கிலக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். நமக்கு அதைப்போல ஐந்தாறு இருக்கின்றன. நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

வாக்கியத்தை 9 பாயிண்டில் நான்கு எழுத்துருவிலும் அச்செடுத்து, நகலின் நகலின் நகல் எடுத்து, எழுபதைத் தாண்டிய என் அம்மாவிடம் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை, கண்ணாடியோடு ஒரு தடவை படிக்கச் சொன்னேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தினமும் பேப்பர் படிப்பவர்.

நோட்டோவை அம்மா தடங்கலே இல்லாமல் படித்தார். எழுத்துகள் உள்ளுக்குள் தாராளமாக மூச்சு விடுகின்றன. எழுத்துரு இல்லாத கருவியில் எழுத்துக்குப் பதிலாகத் தெரியும் வெற்றுக் கட்டத்தைத் தொழில்காரர்கள் டோஃபு என்பார்கள். எந்த மொழிக்கும் டோஃபு தெரியக் கூடாது என்று கூகுள் தொடங்கிய திட்டத்தின் பெயர்தான் 'நோ டோஃபு' என்பதிலிருந்து வந்த நோட்டோ. ஆண்ட்ராய்டு போன்களில் தமிழைக் காட்டுவது பெரும்பாலும் இதுதான் என்பதால் மக்கள் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். குறை, இயல்பான அகலத்தில் இடம் அதிகம் கேட்கிறது. புதிய பதிப்பில் தடிமனோடு அகலத்தையும் குறைக்கலாம், இயல்பான அகலத்தை 100 என்று வைத்தால் 62.5 வரை இறங்கும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு படி இறக்கி வைத்தால் கண்ணுக்கு உறுத்தாமல் இடம் மிச்சமாகிறது.

ஹிந்த் மதுரை, அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்டரி செய்தது. குண்டூர், சிலிகுரி, வடோதரா என்று ஊர்ப் பெயர்களோடு ஒரு குடும்பமே உண்டு. திரையில் பொத்தான், பட்டியல், படிவம் ஆகியவற்றுக்கென்றே வரையப்பட்டது என்பதால் கச்சிதம் அதன் பிறவிக் குணம். ஐந்து தடிமன்கள். ஆங்கில எழுத்தும் எண்களும் அதே கையால் வரைந்தவை என்பதால், 'ஆதார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தொலைபேசி எண் வரும்போது ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. என் மகள் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு செயலிக்கு எதைப் போடலாம் என்று கேட்டபோது யோசிக்காமல் இதைச் சொன்னேன். நகலின் நகலில் மட்டும், மிகச் சிறிய அளவில், எழுத்துகள் கொஞ்சம் நெருக்கியடித்து நிற்பதாக எனக்குப் பட்டது. அம்மா 'ஔ' வந்த இடத்தில் ஒரு நொடி நின்று படித்தார்.

அனேக் தமிழ் நான் மிகவும் ஆசையோடு எடுத்தது. மும்பையின் ஏக் டைப் 2022-ல் ஒன்பது இந்திய எழுத்துகளுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து வெளியிட்ட குடும்பம். அகலம் 75 முதல் 125 வரை, தடிமன் மிக மெல்லிய 100 முதல் மிகத் தடித்த 800 வரை நகரும். நான் கோரல் டிராவில் அமுக்கிக் கெடுத்த வேலையை இவர்கள் ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து முறையாகச் செய்திருக்கிறார்கள். குறுக்கினாலும் கோட்டின் தடிமன் சமநிலையில் நிற்கிறது. பேருந்து நேர அட்டவணை, தேர்வுக் கால அட்டவணை, விலைப்பட்டியல் என்று குறுகலான கட்டத்துக்குள் 'திருத்துறைப்பூண்டி'யை அடக்க வேண்டிய இடங்களில் இதற்கு இணை இல்லை. ஆனால் 75-க்கு இறக்கினால் சற்றே சதுரமான அதன் வளைவுகள் ஒன்றுக்கொன்று சாயல் காட்டத் தொடங்குகின்றன. நீண்ட பத்தியில் கண் சோர்கிறது. நான் 87.5-ல் நிறுத்திக்கொள்கிறேன். இன்னொரு நடைமுறைச் செய்தி: எம்.எஸ். வேர்டில் அகலத்தை நகர்த்தும் வசதி கிடையாது. பதிவிறக்கும் தொகுப்பில் தனித்தனிக் கோப்புகளாகவும் வைத்திருக்கிறார்கள். வேண்டிய அகலத்தை மட்டும் நிறுவிக்கொண்டால் போதும்.

முக்த மலரும் ஏக் டைப் செய்ததுதான். ஏழு தடிமன்கள். அகல மாற்றம் கிடையாது, புதுமை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதல் நாள் பார்த்தபோது 'இதில் என்ன இருக்கிறது' என்று மூடிவிட்டேன். மூன்றாவது நகலில்தான் அதன் குணம் தெரிந்தது. நோட்டோவைவிட இடம் குறைவாகக் கேட்கிறது. வளைவுகளில் கையெழுத்தின் நெகிழ்ச்சி லேசாக இருப்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி உருவம் இருக்கிறது. 'பல பேர் பல் வலியோடு' என்ற இடத்தை அம்மா நிறுத்தாமல் தாண்டினார். எந்தத் தாள் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதானே? இது மட்டும் பேப்பர்ல வர்றாப்ல இருக்கு" என்று முக்த மலர் தாளை எடுத்து வைத்தார். நான் தேடியது அந்த ஒரு சொல்லைத்தான். எழுத்தைக் கவனிக்காமல் செய்தியைப் படித்திருக்கிறார்.

ஆகவே என் கடையில் இப்போது அறிவிப்பு என்றால் முக்த மலர். அதிலும் வழக்கமான ரெகுலரை விட்டுவிட்டு, ஒரு படி தடித்த மீடியம். நகல் எடுக்க எடுக்கக் கோடு மெலியும். அந்த இழப்பை முதல் தாளிலேயே ஈடு கட்டி அனுப்பிவிட வேண்டும். தேதி, நேரம், இடம் மட்டும் செமிபோல்ட். அதற்கு மேல் தடித்தால் 'ஞ', 'ண', 'ஐ' ஆகியவற்றின் உள்வெளி மூடிக்கொள்ளும், கத்துவது போலவும் இருக்கும். கட்டம் போட்ட பட்டியல் வந்தால் அனேக்குக்கு மாறுகிறேன். யார் கருவியில், எந்த மென்பொருளில் திறக்கப்போகிறார்கள் என்றே தெரியாத கோப்பு, அல்லது தமிழோடு சிங்களமோ மலையாளமோ சேர்ந்து வரும் தாள் என்றால் நோட்டோதான் பாதுகாப்பு.

எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தும் கெடுக்கிற இடங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது வரி இடைவெளி. நம் எழுத்து மேலே மேல்விலங்குச் சுழிக்கும், கீழே 'கூ', 'ழு', 'ணு'வின் வளைவுகளுக்கும் இடம் கேட்கும். தாளில் அடங்கவில்லை என்று வரிகளை நெருக்கினால், மேல் வரியின் கால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும். 10 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்ட் வரி என்பது என் கணக்கு. இடம் போதவில்லை என்றால் வாசகத்தைக் குறைக்கச் சொல்கிறேன். 'அனைவரும் தவறாது கலந்துகொண்டு பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்பதை எடுத்துவிட்டால் எந்த அறிவிப்பும் இரண்டு வரி சுருங்கும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது, பழைய குறியேற்றம். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிப் பழகிய கைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைப்பது. எழுத்துரு இல்லாத போனில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பார்வையற்றவரின் திரை வாசிப்பானுக்கு ஒரு சொல்லும் புரியாது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை விட்டு யூனிகோடுக்கு மாறும்போது ஓர் எச்சரிக்கை: இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் தடவை எனக்கு அப்படி ஆகி, எழுத்துருவைக் குறை சொல்லி ஒரு நாளை வீணாக்கினேன்.

இந்த ஆண்டும் அதே ஊரில் பல் மருத்துவ முகாம். நோட்டீஸ் மறுபடி என்னிடமே வந்தது. முக்த மலர் மீடியம், தலைப்பு 28 பாயிண்ட். அதற்குக் கீழே 'பற்கள், ஈறுகளுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். மூன்று தலைமுறை ஜெராக்ஸ் எடுத்து, 'ல்' மேல் புள்ளி இருப்பதைப் பார்த்த பிறகே தாளைக் கையில் கொடுத்தேன்.